திரை துடிக்கிறதா? கடைக்குத் தூக்கும் முன்

திருகோணமலை நகரத்துக்கு இரண்டு பக்கமும் கடல். ஒரு பக்கம் டச்சு பே, மறுபக்கம் உட்துறைமுகம். உவர்மலையிலோ உட்துறைமுக வீதியிலோ உப்புவெளியிலோ வீடு வைத்திருப்பவர்களுக்கு, யன்னல் கம்பி எவ்வளவு சீக்கிரம் துருப்பிடிக்கும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதே உப்புக் காற்றுத்தான் கொம்பியூட்டருக்குப் பின்னாலும் போய்வருகிறது. மொனிட்டர் துடித்தாலோ, படம் இழுபட்டாலோ, நிறம் மாறினாலோ "மொனிட்டர் போயிட்டுது" என்று உடனே முடிவு கட்டிவிடுகிறோம். பெரும்பாலும் கெட்டிருப்பது ஒரு கேபிள் முனை, ஒரு பிளக் பொயின்ட், அல்லது வீட்டுக்கு வரும் கரண்ட். 2022இல் ஒரு டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறிய பிறகு, இறக்குமதிச் சாமானை யோசிக்காமல் மாற்றுகிற வசதி எத்தனை வீடுகளில் இருக்கிறது? உயர்தரம் படிக்கிற பிள்ளையின் பாடமும், சிறிய கொமினிகேஷன் கடையின் அன்றாட வருமானமும் அந்த ஒரு திரையில்தான் ஓடுகின்றன. அதனால் கடைக்குத் தூக்கும் முன் வீட்டிலேயே பார்க்கக்கூடியவை இவை. மொனிட்டரைக் கழற்றாமலே இவை எல்லாவற்றையும் செய்யலாம்.

1. மொனிட்டரின் சொந்த மெனுவைத் திறவுங்கள்.
பெரும்பாலான மொனிட்டர்களில் கீழேயோ பக்கத்திலோ ஒரு மெனு பட்டன் இருக்கும். வெளிச்சம், நிறம் எல்லாம் மாற்றுகிற அந்தப் பெட்டியைக் கொம்பியூட்டர் அனுப்புவதில்லை, மொனிட்டரே வரைகிறது. பின்னால் படம் துடிக்கும்போது இந்தப் பெட்டி மட்டும் அசையாமல் நின்றால் மொனிட்டர் பெரும்பாலும் நல்லது. பிழை கேபிளிலோ கொம்பியூட்டரிலோ இருக்கிறது. பெட்டியும் சேர்ந்து துடித்தால் மொனிட்டரையோ அதற்கு வரும் கரண்டையோ சந்தேகியுங்கள். அரை நிமிட வேலை. இதைச் செய்யாமல் ஒருவரும் மொனிட்டரை வண்டியில் ஏற்றக்கூடாது என்பது என் கருத்து.

2. திரையைப் படம் பிடியுங்கள், இரண்டு விதமாக.
விசைப்பலகையில் உள்ள பிரின்ட் ஸ்கிரீன் விசையால் ஒரு படம், கைத்தொலைபேசியால் ஒரு படம். முதல் படத்தை வேறொரு திரையிலோ தொலைபேசியிலோ திறந்து பாருங்கள். கோடும் புள்ளியும் அதிலும் இருந்தால், படம் கொம்பியூட்டருக்குள்ளேயே கெட்டுவிட்டது. கிராபிக்ஸ் கார்ட், மெமரி, டிரைவர் இந்தப் பக்கம் தேடுங்கள். அதில் சுத்தமாகவும் தொலைபேசிப் படத்தில் மட்டும் கோணலாகவும் இருந்தால் பெரும்பாலும் கேபிளோ மொனிட்டரோதான். இரண்டு படங்களையும் அழிக்காமல் வைத்திருங்கள். கடையில் போய் நிற்கும்போது துடிப்பு நின்றுவிடுவது வழக்கம்.

3. கேபிளைக் கழற்றி முனையைப் பாருங்கள்.
இந்த ஊரில் வரும் பிழைகளில் பெரும்பகுதி இங்கேதான் முடிகிறது என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கொம்பியூட்டரையும் மொனிட்டரையும் நிறுத்தி, பிளக்கையும் கழற்றிவிட்டு, கேபிளின் இரண்டு முனைகளையும் ரோச் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பழைய நீலநிற வி.ஜி.ஏ. முனையாக இருந்தால் மூன்று வரிசையில் ஊசிகள் தெரியும். வெள்ளியாய் மினுங்க வேண்டிய ஊசிகளின் அடியில் பச்சைத் தூள் ஒட்டியிருக்கும். சுற்றியுள்ள தகட்டின் ஓரம் மண்ணிறமாகப் பொருக்கு வெடித்திருக்கும். திருகாணி இரண்டும் இறுகிப்போய்த் திரும்பாது. உப்பும் ஈரமும் சேர்ந்து செப்பைத் தின்ற அடையாளம் இது.

சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 75 வீதத்தைத் தாண்டியதும் தானாகவே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். நம்முடைய மாரி காலத்தில் அந்த அளவை எட்டாத இரவு அரிது. கரைந்த உப்பு மின்சாரத்தைக் கடத்தும். ஊசிக்கும் ஊசிக்கும் நடுவில் போகக்கூடாத கரண்ட் போகும், போக வேண்டிய இடத்தில் துரு மறிக்கும். படம் ஆடுவது இதனால்தான். காலையில் துடித்த திரை வெயில் ஏறியதும் நேராகிவிடுகிறது என்றால் ஈரத்தை முதலில் நினையுங்கள்.

துடைப்பதற்கு ஐசோபுரொப்பைல் அற்ககோல் வாங்குங்கள், 90 வீதத்துக்கு மேற்பட்டது. பஞ்சுக் குச்சியில் நனைத்து ஊசிகளை ஒவ்வொன்றாகத் துடைத்து, ஃபேன் காற்றில் முழுதாகக் காயவிட்டுச் செருகுங்கள். கொரோனாக் காலத்தில் வாங்கி மிஞ்சிய கைச் சுத்திகரிப்பு ஜெல் வேண்டாம். அதில் உள்ள கிளிசரின் பிசுபிசுப்பாகப் படிந்து தூசியைப் பிடித்துக்கொள்ளும். நெயில் பொலிஷ் நீக்கி, மண்ணெண்ணெய், வாசனைத் தைலம் எதுவும் கிட்டவும் வரக்கூடாது. பச்சை பிடித்து ஊசி மெலிந்துவிட்டிருந்தால் துடைத்துப் பயனில்லை, புதுக் கேபிள்தான்.

4. நிறத்தைப் பார்த்தே ஊசியைச் சொல்லலாம்.
வி.ஜி.ஏ. கேபிளில் முதலாம் ஊசி சிவப்பு, இரண்டாவது பச்சை, மூன்றாவது நீலம். வெள்ளைப் பக்கம் மஞ்சளாகத் தெரிந்தால் நீலம் வரவில்லை. கத்தரிப்பூ நிறமாகத் தெரிந்தால் பச்சை இல்லை. நீலமும் பச்சையும் கலந்த நிறமானால் சிவப்பு இல்லை. வளைந்த ஊசியைச் சிறு சாவணத்தால் மெதுவாக நிமிர்த்தலாம். நடு வரிசையில் ஓர் ஊசி இல்லாமலே பல கேபிள்கள் வரும், அது பிழையில்லை.

எச்.டி.எம்.ஐ. கேபிள் பிழை வேறு விதம். பொதுவாக நிறம் மாறாது. வெள்ளைப் புள்ளிகள் மினுங்கும், அல்லது திரை இரண்டு மூன்று விநாடி கறுத்துவிட்டுத் திரும்ப வரும். கேபிள் 5 மீற்றருக்கு மேல் நீண்டும் மலிவாகவும் இருந்தால் குட்டையான ஒன்றை அயலவரிடம் இரவல் வாங்கிப் போட்டுப் பாருங்கள்.

5. பிளக் பொயின்ட்டில் கை வையுங்கள்.
அதாவது, சுவிச்சை நிறுத்திப் பிளக்கை இழுத்த பிறகு. பிளக்கின் முனைகள் கறுத்திருந்தாலோ, பிளாஸ்டிக் சூடாக இருந்தாலோ, கருகிய மணம் வந்தாலோ அங்கே பொறி பறக்கிறது. நம் வீடுகளில் ஒரு பழக்கம் உண்டு: இரண்டு முனை பிளக்கை 13 அம்பியர் பொயின்ட்டில் செருக, மேல் ஓட்டையில் பேனையை விட்டுத் திறந்து அமுக்குவது. செருகுப்படும், ஆனால் இறுக்கமாக நிற்காது. மேசையில் கை பட்டாலே கரண்ட் விட்டுவிட்டு வரும், திரையும் கூடவே விட்டுவிட்டு எரியும். அதைவிட, மழைக்காலத்தில் தீப்பிடிக்கவும் அது போதும். பிள்ளைகள் பார்த்துப் பழகுகிற பழக்கமும் கூட. தரமான 13 அம்பியர் பிளக் ஒன்றை மின்வேலை தெரிந்தவரிடம் கொடுத்து மாற்றுங்கள்.

சதுர முனை பிளக்குக்குள் ஒரு சிறு ஃபியூஸ் இருக்கிறது. அதைப் பிடித்திருக்கும் தகடு துருப்பிடித்துத் தளர்ந்தாலும் இதே துடிப்புத்தான் வரும். பலர் இதைத் திறந்து பார்ப்பதேயில்லை.

6. தண்ணீர் மோட்டரைப் போடச் சொல்லுங்கள்.
ஒருவர் திரைக்கு முன்னால் இருக்க, இன்னொருவர் மோட்டர், பிரிட்ஜ், ஸ்திரிக்கைப் பெட்டி என்று ஒவ்வொன்றாகப் போட்டு நிறுத்தட்டும். திருத்துநரிடம் வருகிற பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் போகும்:

"அக்கா, வீட்டில கரண்ட் எப்படி?"

"நல்லாத்தான் இருக்குது தம்பி. மோட்டர் போட்டால் மட்டும் லைட் கொஞ்சம் மங்கும்."

பாதி விடை அதிலேயே இருக்கிறது. நமக்கு வரும் கரண்ட் 230 வோல்ட், அதில் 6 வீதம் கூடலாம், குறையலாம். அதாவது 216இலிருந்து 244 வரை சரி. இப்போதைய மொனிட்டர்கள் 100 முதல் 240 வரை தாங்கும் என்று பின்னால் ஒட்டிய தாளிலேயே எழுதியிருக்கும். எனவே வோல்ட் கொஞ்சம் குறைவதால் மட்டும் அவை துடிப்பதில்லை. மோட்டர் எழும்பும் கணத்தில் படக்கென்று விழுந்து ஏறுவதும், வயரிங் முடிச்சில் பொறி பறப்பதும்தான் தொல்லை. கொம்பியூட்டருக்கு மோட்டர் இல்லாத தனி வயர் ஒன்று இழுத்தால் பல வீடுகளில் பிரச்சினை அன்றோடு தீரும்.

ஒன்றை மட்டும் விளையாட்டாக எடுக்கவேண்டாம். ஓர் அறையில் மின்குமிழ் மங்க, இன்னோர் அறையில் வழக்கத்தைவிடப் பிரகாசமாக எரிந்தால் நியூட்ரல் வயர் விட்டிருக்கலாம். மெயின் சுவிச்சை உடனே நிறுத்திவிட்டு மின்சார சபையின் 1987ஐ அழையுங்கள். மழையில்லாத மாதங்களில் மின்கம்பத்துப் பீங்கானில் படிந்த உப்பு, முதல் தூறலில் நனைந்ததும் பொறி தட்டும். கம்பத்தில் சரசரவென்று சத்தம் கேட்டாலும் அதே எண்தான்.

7. யூ.பி.எஸ். இல்லாமல் ஒருமுறை.
யூ.பி.எஸ். பற்றரி இந்த வெக்கையில் இரண்டு மூன்று வருடம் போனால் பெரிய காரியம். தளர்ந்த பற்றரியோடு அது கரண்டுக்கும் பற்றரிக்கும் இடையே டிக் டிக் என்று மாறிக்கொண்டிருந்தால் திரையும் கூடவே வெட்டும். மொனிட்டரை நேரே சுவர்ப் பொயின்ட்டில் செருகிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

8. மேலே ஏறும் பட்டை.
திரையில் மங்கலான ஒரு கிடைப்பட்டை அலைபோல ஏறிக்கொண்டேயிருந்தால், கொம்பியூட்டரும் மொனிட்டரும் வேறு வேறு பொயின்ட்டில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷனில் போடுங்கள். டி.வி. கேபிளும் அதே கொம்பியூட்டரில் மாட்டியிருந்தால் அதைக் கழற்றிப் பாருங்கள். பட்டை போகிறது என்பதற்காக எர்த் முனையை வெட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். கொம்பியூட்டர்ப் பெட்டியைத் தொடும்போது விரலில் சுர்ரென்றால் வீட்டின் எர்த்தே சரியில்லை. மணல் நிலம் வறட்சியில் காய்ந்துபோனால் எர்த் கம்பி பெயருக்குத்தான் நிற்கும்.

9. மென்பொருள் பக்கம்.
கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மனேஜர் திறக்கும். எல்லாம் துடிக்க அந்தப் பெட்டியும் துடித்தால் கிராபிக்ஸ் டிரைவர். அது மட்டும் அமைதியாக இருந்தால் நீங்கள் புதிதாகப் போட்ட ஏதோ ஒரு மென்பொருள். விண்டோஸ் விசை, கன்ட்ரோல், ஷிப்ட், பி நான்கையும் சேர்த்து அழுத்தினால் டிரைவர் மட்டும் மறுபடி தொடங்கும். செய்துகொண்டிருந்த வேலை அழியாது. பிறகு செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்ட் டிஸ்ப்ளே என்று போய் 60 ஹேர்ட்ஸ் என்று இருக்கிறதா பாருங்கள். 30 என்று இருந்தால் அசைவு எல்லாம் வெட்டி வெட்டித்தான் தெரியும்.

10. வெளிச்சத்தைக் குறைத்தபோது மட்டும் கண் கூசுகிறதா?
சில மொனிட்டர்கள் வெளிச்சத்தைக் குறைக்க, பின்விளக்கை மிக வேகமாக அணைத்து அணைத்துப் போடும். கண்ணுக்குத் துடிப்பாகத் தெரியாது, தலையிடியாகத் தெரியும். தொலைபேசிக் கமராவைப் பிடித்தால் பட்டை பட்டையாக ஓடும். இது பழுதில்லை. மொனிட்டர் வெளிச்சத்தைக் கூட்டிவைத்து, யன்னல் திரைச்சீலையால் அறை வெளிச்சத்தைச் சரிசெய்துகொள்ளுங்கள்.

11. சூடானதும் சரியாகிவிடுகிற மொனிட்டர்.
போட்டதும் ஐந்து பத்து நிமிடம் துடித்து, பிறகு நேராகிவிடும். கிழமைக்குக் கிழமை அந்த ஐந்து நிமிடம் நீளும். ஒருநாள் எழும்பவே எழும்பாது. இது உள்ளே பவர் போர்டில் உள்ள கெப்பாசிட்டர் பழுது. நல்ல கெப்பாசிட்டரின் தலை தட்டையாக இருக்கும். பழுதானதன் தலை உப்பி, அதில் வெட்டியிருக்கும் கோடு பிளந்து மண்ணிறத்தில் கசிந்திருக்கும். மாற்றுவதற்கான சாமான் விலை மிகக் குறைவு. கேட்டு வாங்கும்போது 105 பாகை வெப்பம் தாங்கும் வகையைப் போடச் சொல்லுங்கள்.

ஆனால் இதை நீங்கள் திறக்கவேண்டாம். 230 வோல்ட் கரண்ட் உள்ளே நேர்மின்னோட்டமாக மாறும்போது 325 வோல்ட் வரை ஏறி ஒரு பெரிய கெப்பாசிட்டரில் தேங்கி நிற்கும். பிளக்கைக் கழற்றிய பிறகும் அது அங்கேயே இருக்கும். பழகிய திருத்துநருக்கு இது சாதாரண வேலை, "பவர் போர்ட் கெப்பாசிட்டர் பாருங்கோ" என்று நீங்கள் சொன்னாலே போதும்.

12. இருண்ட திரையில் ரோச் அடியுங்கள்.
மொனிட்டர் எரிந்து இரண்டு விநாடியில் கறுத்துவிட்டால், திரையில் சாய்வாக ரோச் அடித்துப் பாருங்கள். மங்கலாக எழுத்துகள் தெரிந்தால் படம் இருக்கிறது, பின்விளக்குத்தான் எரியவில்லை. பழைய மெல்லிய குழாய் விளக்கு மொனிட்டர்களில் முதலில் திரை இளஞ்சிவப்பாகி, பிறகு இப்படியாகும். அந்தக் குழாயில் பாதரசம் இருக்கிறது. உடைத்துக் குப்பையில் எறியாதீர்கள்.

13. மடிக்கணினி என்றால்
மூடியை மெதுவாக முன்னும் பின்னும் அசையுங்கள். ஒரு கோணத்தில் மட்டும் துடித்தால் பிணைச்சலுக்குள் ஓடும் பட்டை வயர் தேய்ந்துவிட்டது. முழுத் திரையையும் மாற்றவேண்டும் என்று யாராவது சொன்னால், அந்த வயரை முதலில் மாற்றிப் பார்க்கக் கேளுங்கள்.

14. மேலிருந்து கீழாக ஒற்றைக் கோடு.
இடம் மாறாமல் எப்போதும் அதே கோடு நின்றால் அது பனலின் ஓரத்து இணைப்பு. செலவழிக்க வேண்டாம். கோட்டோடே பாவிக்க முடிந்தால் பாவியுங்கள்.

15. கச்சானுக்கும் வாடைக்கும் வேறு வேறு கவனம்.
வைகாசி தொடங்கிக் கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் எதிரி வெக்கையும் புழுதியும். மொனிட்டரின் பின்பக்கத் துவாரங்களை மென்மையான தூரிகையால் கிழமைக்கு ஒருமுறை தட்டுங்கள். சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள், ஒரு சாண் இடம் விடுங்கள். கார்த்திகையில் வாடை தொடங்கினால் எதிரி கடலிலிருந்து நேரே வருகிறது. கடல் பார்த்த யன்னலுக்கு எதிரே கொம்பியூட்டர் மேசையைப் போடுவதை விட்டுவிடுங்கள். காட்சி அழகுதான், ஆனால் மொனிட்டர் ஆயுள் குறையும். பாவிக்காவிட்டாலும் நாளுக்கு ஒரு மணி நேரம் போட்டு வையுங்கள், அந்தச் சூடே உள்ளே ஈரத்தை விரட்டும். மூடுவதற்குப் பொலித்தீன் வேண்டாம், அது ஈரத்தை உள்ளே பூட்டிவைக்கும். பருத்தித் துணி போதும். ஏசி அறையிலிருந்து தூக்கி வெளியறைக்குக் கொண்டுவந்த மொனிட்டரை உடனே போடாதீர்கள். குளிர்ந்த போத்தலில் நீர் முத்துவது போல உள்ளே போர்டிலும் முத்தியிருக்கும். ஒரு மணி நேரம் விடுங்கள்.

16. படகில் உள்ள திரைக்கும் இதே சட்டம்.
கொட்பே துறைமுகத்திலிருந்து போகும் பலநாள் படகுகளில் ஜி.பி.எஸ்., மீன் காட்டி என்று திரைகள் உண்டு. இயந்திரம் தொடங்கும்போது திரை அணைந்து எழும்பினால் பற்றரி முனையைப் பாருங்கள். வெள்ளையும் நீலமுமாகப் பூத்திருக்கும். முதலில் எதிர்முனையைக் கழற்றி, அப்பச்சோடா கரைத்த வெந்நீரால் கழுவி, நன்றாகக் காய்ந்தபின் இறுக்கி, மேலே கிறீஸ் பூசுங்கள். நடுக்கடலில் திரை போனால் திசை போகிறது. இதைக் கரையிலேயே செய்யவேண்டும்.

17. பழைய குழாய்த் திரை இன்னும் இருந்தால்.
மூலையில் மட்டும் நிறம் திட்டாகப் படிந்திருந்தால் காந்தம். ஸ்பீக்கரைத் தள்ளிவைத்து, மெனுவில் உள்ள டீகௌஸ் பட்டனை அழுத்துங்கள். டும்மென்று ஒரு சத்தத்தோடு நிறம் சீராகும். 1939 நவம்பரில் தேம்ஸ் ஆற்று முகத்தில் ஜேர்மனி போட்ட காந்தக் கண்ணிவெடி ஒன்று பிரித்தானியர் கையில் சிக்கியது. அதன் பிறகு அவர்கள் கப்பலைச் சுற்றி வயர் ஓட்டி உருக்கின் காந்தத்தை அடக்கினார்கள். அந்த வேலையைத்தான் இந்தப் பட்டனும் சிறிய அளவில் செய்கிறது. இந்த வகை மொனிட்டருக்குள் 20 ஆயிரம் வோல்ட்டுக்கு மேல் நிற்கும், திறக்கவே கூடாது.

18. இடி முழங்கினால்.
பங்குனி, சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் பின்னேர இடி இங்கே கடுமை. கரண்ட் பிளக்கோடு இன்டர்நெட் வயரையும் டி.வி. அன்டனா வயரையும் கழற்றுங்கள். மின்னலுக்குப் பிறகு எச்.டி.எம்.ஐ. துளை மட்டும் செத்துப்போன மொனிட்டரில் வி.ஜி.ஏ. துளை வேலை செய்யக்கூடும். எறிவதற்கு முன் அதில் மாட்டிப் பாருங்கள்.

19. பாவித்த மொனிட்டர் வாங்குவதாக இருந்தால்.
கடையில் ஒரு மணி நேரம் ஓடவிடச் சொல்லுங்கள். முதல் பத்து நிமிடமும் கூடவே நில்லுங்கள், கெப்பாசிட்டர் பழுது அப்போதுதான் காட்டும். முழு வெள்ளை, முழுக் கறுப்பு, முழுச் சிவப்பு என்று மூன்று பக்கம் திறந்து பாருங்கள். கேபிள் மாட்டிய இடத்தை மெல்ல அசையுங்கள். பற்றுச்சீட்டில் தொடரிலக்கத்தையும் உத்தரவாதக் காலத்தையும் எழுதி வாங்குங்கள். மறுத்தால் நுகர்வோர் அதிகாரசபையின் 1977 இருக்கிறது. கடைசியாக மொனிட்டரைத் திருப்பி, பின்பக்கத் திருகாணிகளைப் பாருங்கள். அவற்றின் தலையில் துரு இருந்தால் உப்பு உள்ளேயும் போயிருக்கும். விலையை எவ்வளவு இறக்கித் தந்தாலும் அதை எடுக்காதீர்கள்.